டென்னிஸ் ஷூ போட்ட கவுன்சிலர் பாட்டி

"ஸ்கூல் கவுன்சிலர் போன் பண்ணாங்க" என்று என் மனைவி சொன்னபோது, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "எந்த வார்டு கவுன்சிலர்? அவங்க எதுக்கு இங்க போன் பண்றாங்க?"

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. நம்ம ஊரில் கவுன்சிலர் என்றால் தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தேடிப்போகிற ஆள். அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் அதே பெயரில் இருப்பவர் வேறு மாதிரி. அவர் கணக்கோ அறிவியலோ நடத்துவதில்லை, மார்க் போடுவதில்லை. ஒரு பிள்ளை ஏன் மூன்று நாளாக முகம் வாடி உட்கார்ந்திருக்கிறது, ஏன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை, ஏன் திடீரென்று லீவு போடுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் எந்தப் பாடம் எடுப்பது, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது என்பதும் அவர் மேஜைக்குத்தான் வரும்.

இந்த வேலை அமெரிக்கா முழுக்கப் பரவியதற்கு ஒரு ராக்கெட் காரணம் என்பது என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்குப் பிடித்த தகவல். 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா பதறிப்போனது. அடுத்த வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்று வந்தது. கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பள்ளி தோறும் ஆள் வேண்டும் என்று, கவுன்சிலர்களுக்குப் பயிற்சி கொடுக்க அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. ரஷ்யாவை முந்துவதற்காக உட்கார வைக்கப்பட்ட ஆட்கள், போகப்போகப் பிள்ளைகளின் கண்ணீரைத் துடைக்கிறவர்கள் ஆனார்கள். 250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சிலர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி அதைவிட நூறுக்கு மேல் அதிகம். ஆக, யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

அப்படி வேலை பார்த்து 1977-ல் ஓய்வு பெற்ற ஒரு கவுன்சிலரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் ஓபல் லீ. எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நான் இருப்பது டாலஸை ஒட்டிய இர்விங்கில். இங்கிருந்து மேற்கே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கார் ஓட்டினால் ஃபோர்ட் வொர்த். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிக்கொண்டு போய் ஸ்டாக்யார்ட்ஸில் நீளக் கொம்பு மாடுகள் ஊர்வலமாகப் போவதைக் காட்டி, தொப்பி போட்டு ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவோம். டாலஸ் தமிழர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஃபோர்ட் வொர்த் என்றால் அவ்வளவுதான். அந்த ஊரில் எல்லோரும் "மிஸ் ஓபல்" என்று கூப்பிடும் ஒரு பாட்டி இருக்கிறார் என்பது, 2021-ல் ஜூன் 19 தேசிய விடுமுறையாக அறிவிக்கப்பட்டபோதுதான் நம்மில் பலருக்குத் தெரியவந்தது. ஜூன்டீன்த்தின் பாட்டி என்று அவரைச் சொல்கிறார்கள். செய்திகளில் அவர் நடந்த நடையைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். அவர் பார்த்த வேலையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. "முன்னாள் ஆசிரியை, கவுன்சிலர்" என்று போட்டுவிட்டு நடைக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, அந்த ஒரு வரியில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஓபல் பிறந்தது 1926 அக்டோபர் 7-ம் தேதி, கிழக்கு டெக்சாஸில் மார்ஷல் என்ற ஊரில். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். பத்து வயது வாக்கில் குடும்பம் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் உழைத்துச் சேர்த்து, 1939-ல் நகரின் தெற்குப் பகுதியில் ஒரு வீடு வாங்கினார்கள். அக்கம்பக்கம் வெள்ளையர் குடியிருப்பு. அம்மா வீட்டை அழகாக வைத்திருந்ததை ஓபல் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

குடிபோய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஜூன் 19 அன்று வீட்டு முன் கூட்டம் கூடியது. சுமார் 500 பேர். பெற்றோர் பிள்ளைகளை வேறு தெருவில் இருந்த தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா துப்பாக்கியோடு வந்தார். போலீஸ்காரர்கள் அங்கேதான் நின்றார்கள். ஆனால் கூட்டத்தைக் கலைக்கவில்லை. நீ ஒரு குண்டு சுட்டாலும் உங்களைக் கூட்டத்திடம் விட்டுவிடுவோம் என்று அப்பாவிடம் சொன்னார்கள். இருட்டியதும் குடும்பம் அங்கிருந்து வெளியேறியது. கூட்டம் மேஜை நாற்காலியை வெளியே இழுத்துப்போட்டுக் கொளுத்தியது, வீட்டை நாசமாக்கியது. ஒருவரும் கைதாகவில்லை. ஓபலுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அதற்குப் பிறகு பெற்றோர் அதைப் பற்றி வீட்டில் பேசவே இல்லையாம். மறுபடி உழைத்தார்கள், வேறு இடத்தில் வேறு வீடு வாங்கினார்கள். வாயைத் திறக்காமல் விழுங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எப்படி என்று நம் குடும்பங்களுக்கும் தெரியும். ஊரை விட்டு, நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் வீட்டில் இந்த மௌனம் இன்னும் கெட்டியாக இருக்கும். இங்கே இருக்கும் ஈழத் தமிழ் நண்பர்கள் சிலர், 83-ல் கொழும்பில் தங்கள் வீட்டுக்கு என்ன ஆனது என்பதை அப்பா இறந்த பிறகுதான் சித்தப்பா வாயிலாகக் கேட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு அன்று ஃபோர்ட் வொர்த்தில் இருந்த உயர்நிலைப் பள்ளி ஐ.எம். டெரல். பக்கத்து ஊரான மான்ஸ்ஃபீல்டில் உயர்நிலைப் பள்ளி இருந்தும் அங்கே கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் பஸ் பிடித்து இங்கேதான் வர வேண்டும். 1956-ல் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் மான்ஸ்ஃபீல்ட் பள்ளி வாசலில் கூட்டம் கூடி அவர்களை உள்ளே விடாமல் தடுத்தது. நிறப் பிரிவினை ஒழிந்த காலத்தில் மூடப்பட்ட டெரல் பள்ளி, இன்று அறிவியல், தொழில்நுட்பத்துக்கான சிறப்புப் பள்ளியாக நடக்கிறது. மேட்டில் இருக்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஓபலின் வகுப்பு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று யோசிப்பேன்.

1943-ல், பதினாறு வயதில், அங்கே பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரிக்குப் போகாமல் கல்யாணம் செய்துகொண்டார். நான்கு குழந்தைகள். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குத் திரும்பியவர், பிறந்த ஊரான மார்ஷலில் இருந்த வைலி கல்லூரியில் சேர்ந்து படித்தார். டென்சல் வாஷிங்டன் 2007-ல் எடுத்த 'தி கிரேட் டிபேட்டர்ஸ்' படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதே கல்லூரிதான். பட்டம் வாங்கி ஃபோர்ட் வொர்த்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆனார். வருடச் சம்பளம் 2,000 டாலர். நாலு பிள்ளைக்குப் பத்துமா? பகலில் பள்ளிக்கூடம், பள்ளி முடிந்ததும் கான்வேர் விமான ஆலையில் துப்புரவு வேலை. இன்று லாக்ஹீட் மார்ட்டின் எஃப்-35 போர் விமானம் தயாரிக்கிறதே, அதே ஆலைதான். அங்கே வேலை பார்க்கிற நம்மவர்கள் இருக்கிறார்கள். பேட்ஜைத் தட்டிவிட்டு உள்ளே போகும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஒரு டீச்சரம்மா தரை துடைத்திருக்கிறார்.

வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்தார். இன்றைய வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கவுன்சிலிங்கில் முதுகலைப் பட்டம். அதன் பிறகு ஃபோர்ட் வொர்த் பள்ளி மாவட்டத்தில் வீட்டுக்கும் பள்ளிக்கும் பாலமாக இருக்கும் கவுன்சிலர் வேலை. 1967-ல் டேல் லீ என்ற பள்ளித் தலைமையாசிரியரை மணந்துகொண்டார். லீ என்ற பெயர் அப்படி வந்தது.

இந்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்றைய கவுன்சிலர் அறையில் மெத்தை நாற்காலி இருக்கும், சுவரில் உணர்ச்சிகளின் படம் ஒட்டியிருக்கும், பிள்ளை அங்கே போகும். ஓபல் பார்த்தது பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போகும் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களில் இப்படி வீடு வீடாகப் போகும் ஆசிரியர்கள் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து 'இல்லை' என்று விழுந்தால், அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே போனால்தான் தெரியும், காரணம் படிப்பில் இல்லை. காலில் போட ஷூ இல்லை. அம்மா படுத்த படுக்கை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சமைக்க எதுவும் இல்லை. வாடகை பாக்கி, வீட்டுக்காரர் வெளியே போகச் சொல்லிவிட்டார். அறிக்கை எழுதிக்கொடுத்தால் சம்பளம் வந்துவிடும். ஆனால் ஷூ இல்லாத பிள்ளை அறிக்கையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வர முடியாது. எங்காவது போய் ஒரு ஜோடி ஷூ வாங்கி வர வேண்டும். அரிசி மூட்டைக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

நம் ஊரில் ஜூன் மாதம் சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "ஏம்மா, பையனை ஏன் இன்னும் சேர்க்கல?" என்று கேட்ட வாத்தியார்களைப் பார்த்தவர்களுக்கு இது அன்னியமாகத் தெரியாது.

தன்னைப் பற்றி ஓபல் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டென்னிஸ் ஷூ போட்டுக்கொண்டு எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைக்கிற சின்னக் கிழவி நான், என்பார். மூக்கை நுழைப்பது என்றால் நமக்கு உடனே வம்பு என்றுதான் தோன்றும். தமிழில் அதற்கு இன்னொரு சொல் இருக்கிறது, விசாரிப்பது. "ஊருக்குப் போனா பெரியம்மாவை விசாரிச்சதா சொல்லு" என்று சொல்வோமே, அந்த விசாரிப்பு. கேட்பவர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதில்தான் வம்பும் விசாரிப்பும் பிரிகின்றன.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு நண்பர் வீட்டில். பெயர், ஊர் வேண்டாம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஹெச்-1பி விசா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலை போய்விட்டது. இங்கே வேலை போனால் அடுத்த வேலை தேட 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி விசாவை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். நண்பர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம் போலக் காலையில் லேப்டாப் பையோடு கிளம்பி லைப்ரரியில் போய் உட்கார்ந்தார். பொங்கல் விழாக் கமிட்டிக் கூட்டத்துக்குக்கூட வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். நாலாவது வாரம் வரை எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தமிழ்ப் பள்ளிக்குப் பையன் வராததை "சளியா இருக்கும்" என்று விட்டுவிட்டார்கள்.

கண்டுபிடித்தது அவன் பள்ளியின் கவுன்சிலர். பத்து வயதுப் பையன் மதியம் சாப்பாடு வாங்காமல் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கூடவே தன்னுடைய லெகோ பெட்டியை வகுப்பில் விற்கப் பார்த்திருக்கிறான். அப்பாவும் அம்மாவும் ராத்திரி மெதுவாகப் பேசியதைக் கேட்டுவிட்டு, தன் பங்குக்குக் காசு சேர்க்கிறான். கவுன்சிலர் வீட்டுக்கு போன் செய்தார். அந்த போனை எடுத்த அம்மா நடுங்கிப்போனார். பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அரசாங்கம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் இங்கே நம்மவர்களுக்கு நிறைய. "ஸ்கூல்ல இருந்துக்கிட்டு வீட்டு விஷயத்தை ஏன் கேக்கணும்?" என்று கோபம் வேறு. அந்த அம்மையார் வேறெதுவும் கேட்கவில்லை. மதியச் சாப்பாடு இலவசமாகக் கிடைப்பதற்கான படிவத்தை அனுப்பினார். விசா விவரம் அந்தப் படிவத்தில் கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னார். வாரம் இருமுறை பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். பிறகு நண்பரிடம், உங்கள் ஆட்கள் யாருக்காவது இது தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி. அன்று மாலைதான் நண்பர் எங்களைக் கூப்பிட்டார். ஐம்பத்து மூன்றாவது நாள் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு. அது எங்களில் ஒருவர் கொடுத்த பரிந்துரையில் கிடைத்தது. நண்பர் முதல் நாளே வாயைத் திறந்திருக்கலாம்தான். ஆனால் திறக்கிற மாதிரி யாரும் கேட்கவில்லையே.

ஓபல் லீயிடம் திரும்புவோம். ஓய்வு பெற்றபோது அவருக்கு ஐம்பது வயது. பெரும்பாலானவர்கள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவார்கள். அவர் கதவு தட்டுவதை நிறுத்தவில்லை. சம்பளம் மட்டும்தான் நின்றது. கறுப்பின மக்களின் வரலாற்றைச் சேகரிக்கும் உள்ளூர்ச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஹேபிடட் அமைப்பின் உள்ளூர்க் கிளையில் பொறுப்பு வகித்தார். உணவு வங்கி ஒன்றை நடத்தினார். இலவசமாகக் கொடுப்பதைவிட விளைவிப்பது நல்லது என்று, தொண்ணூறு வயதுக்கு மேல், ட்ரினிட்டி ஆற்றங்கரையில் அவர் பெயரிலேயே ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. கவுன்சிலராக வீடு வீடாகப் போனபோது பார்த்த பட்டியல்தான் இது என்று நினைக்கிறேன். ஷூ இல்லை, சாப்பாடு இல்லை, வீடு இல்லை.

இனி நடைக்கு வருவோம். அமெரிக்க அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்தது 1863 ஜனவரி 1. டெக்சாஸில் அது செல்லுபடியானது 1865 ஜூன் 19-ல்தான். வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கி, எல்லா அடிமைகளும் சுதந்திர மனிதர்கள் என்று உத்தரவு போட்டார். இடையில் இரண்டரை வருடம். அந்த நாளைத்தான் ஜூன்டீன்த் என்று கொண்டாடுகிறார்கள். மார்ஷலில் சிறுமியாக இருந்தபோது அது கிறிஸ்துமஸ் மாதிரி இருக்கும் என்பார் ஓபல். திருவிழாத் திடலில் பாட்டும் சாப்பாடும் பந்து விளையாட்டும். அதே தேதியில்தான் ஃபோர்ட் வொர்த்தில் அவர் வீடு எரிந்தது.

டெக்சாஸ் 1980 முதல் இதை மாநில விடுமுறையாக வைத்திருக்கிறது. நாடு முழுக்க வேண்டும் என்பது ஓபலின் ஆசை. 2016-ல், 89 வயதில், ஃபோர்ட் வொர்த்திலிருந்து வாஷிங்டனை நோக்கி நடக்கப் புறப்பட்டார். 1,400 மைல். டென்னிஸ் ஷூ போட்ட ஒரு கிழவி வாஷிங்டனுக்கு நடந்தால் யாராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்பதுதான் கணக்கு. மொத்த தூரத்தையும் அவர் நடக்கவில்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அழைத்த ஊர்களுக்கெல்லாம் போய், அந்த இரண்டரை வருடத்தின் நினைவாக இரண்டரை மைல் நடந்தார். வழியில் தொண்ணூறு வயது முடிந்தது. 2017 ஜனவரியில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். பிறகு இணையத்தில் கையெழுத்து வேட்டை, பதினைந்து லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது.

ஆண்டுதோறும் ஜூன் 19 அன்று இங்கே அந்த இரண்டரை மைல் நடையை நடத்துகிறார்கள். ஒரு வருடம் நானும் மனைவியும் மகளும் போயிருந்தோம். டெக்சாஸ் ஜூன் மாத வெயில் காலை எட்டரைக்கே சென்னை மே மாதத்தைத் தோற்கடிக்கும். மகள் கேட்டாள், "நியூஸ் வர ஏன் ரெண்டரை வருஷம்? போன் இல்லாததாலயா?" தந்தி இருந்தது, செய்தித்தாள் இருந்தது என்றேன். செய்தி வந்தால் மட்டும் போதாது, அதை நடத்திக்காட்ட ஆள் வர வேண்டும், ஆள் வந்தது அந்த நாளில்தான். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. எங்களுக்கு முன்னால் சர்ச் உடையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி திரும்பி, அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்து, பெயர் என்ன, எந்த வகுப்பு, டீச்சர் எப்படி என்று வரிசையாக விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

2021 ஜூன் 17-ல் அதிபர் பைடன் சட்டத்தில் கையெழுத்திட்டார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓபலுக்கு முன் வந்து ஒரு காலை மடக்கி மண்டியிட்டார். அவருக்கு அப்போது 94 வயது. ஒரு பாட்டி நடந்தார், நாடு விடுமுறை விட்டது என்று இதை ஊடகங்கள் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. டெக்சாஸ் சட்டமன்றத்தில் 1979-லேயே மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றிய ஆல் எட்வர்ட்ஸ் இருக்கிறார். ஊர் ஊராகப் பிரசாரம் செய்து, பலன் பார்க்காமல் 2018-ல் இறந்துபோன டாக்டர் ரொனால்ட் மையர்ஸ் இருக்கிறார். 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு நாடே தெருவில் இறங்காமல் இருந்திருந்தால், பிரதிநிதிகள் சபையில் 415-க்கு 14 என்று வாக்கு விழுந்திருக்குமா என்பது சந்தேகம். ஓபலுக்கும் இது தெரியும். மற்றவர்கள் பெயரைச் சொல்லாமல் அவர் பேசிக் கேட்டதில்லை.

நம் ஆபீஸ் காலண்டரில் இன்று ஜூன் 19 ஒரு லீவு நாள். வெள்ளி அல்லது திங்களில் விழுந்தால் கால்வெஸ்டன் கடற்கரைக்கு பிளான் போடுகிறோம். அந்த ஊரில்தான் உத்தரவு வாசிக்கப்பட்டது என்பது தெரியாமலேயே மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். போகட்டும், லீவை லீவாகத்தான் கொண்டாடுவார்கள். ஆனால் நம் கதை இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேர்தான் அமெரிக்காவில் குடியேற முடியும். அந்தக் கதவை உடைத்தது 1965 அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டம். அதற்கு முந்தைய வருடம் சிவில் உரிமைகள் சட்டம், இரண்டு மாதம் முன்பு வாக்குரிமைச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைக்குப் போய் வாங்கிய சட்டங்கள். பிறந்த நாட்டை வைத்து, நிறத்தை வைத்து மனிதனைத் தரம் பிரிக்கக் கூடாது என்று ஒரு நாடு ஒருமுறை ஒப்புக்கொண்டால், விமான நிலையத்தில் மட்டும் வேறு நியாயம் பேச முடியாது. 1968-ல் வந்த வீட்டு வசதிச் சட்டம்தான், இந்தத் தெருவில் இன்னாருக்கு வீடு விற்க மாட்டேன் என்பதைக் குற்றமாக்கியது. ஃபிரிஸ்கோவிலும் பிளேனோவிலும் கிழக்கு வாசல் பார்த்து, பள்ளிக்கூடத்தின் ரேட்டிங் பார்த்து நாம் வீடு வாங்குகிறோம். விலை படியவில்லை என்றால் கிடைக்காமல் போகும். தோலைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது.

ஓபலின் அப்பா அம்மா விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

வயதான பிறகு அந்த மனையைத் தேடிப் பார்த்தார் ஓபல். வீடு இல்லை, காலி மனை. ஹேபிடட் அமைப்பின் பெயரில் இருந்தது. தானே ஒரு காலத்தில் பொறுப்பில் இருந்த அமைப்பு. போனை எடுத்து, அந்த மனையை எனக்கு விற்கிறீர்களா என்று கேட்டார். பத்து டாலருக்குக் கொடுத்தார்கள். வீட்டையும் கட்டித் தருகிறோம் என்று உள்ளூர்க் கட்டுமான நிறுவனமும் வங்கியும் சேர்ந்துகொண்டன.

1939 கூட்டத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் கோபமாகப் பேசியதாக நான் படித்ததில்லை. எங்களை அங்கே இருக்க விட்டிருந்தால், அவர்களிடம் இருந்ததற்கு மேல் எதையும் நாங்கள் கேட்கவில்லை என்று தெரிந்திருக்கும், நல்ல அண்டைவீட்டாராக இருந்திருப்போம் என்பார். கவுன்சிலர் வேலையில் ஊறிப்போனவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது, கல்லெறிந்தவன் வீட்டு நிலவரத்தையும் சேர்த்து யோசித்துக்கொண்டு.

2024 மார்ச்சில் முதல் சுவரை நிமிர்த்த அந்த மனையில் மறுபடி ஒரு கூட்டம் கூடியது. மே மாதம் அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. ஜூனில், 97 வயதில், சாவியை வாங்கிக்கொண்டு புது வீட்டுக்குள் போனார். மேஜை, நாற்காலி எல்லாம் அங்கேயே தயாராக இருந்தது. பழைய வீட்டிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.